தண்ணீர் வரும் வழி: செட்டிநாட்டில் ஊரணி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஊரணி வேலையில் சேர்ந்துகொள்ளலாமா என்று யாராவது கேட்டால், "வீட்டில் குடை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பேன். மண்வெட்டி, கடப்பாரை, ஜேசிபி எல்லாம் அப்புறம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குழியைப் பார்க்கிறார்கள். குழியில் குப்பை கிடக்கிறது, கருவை மண்டியிருக்கிறது, உடனே சுத்தம் செய்ய வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. சுத்தம் செய்த ஊரணி ஐப்பசி மழையிலும் காய்ந்து கிடக்கும்போதுதான், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று யாருமே பார்க்கவில்லை என்பது தெரியவரும்.

நம் பக்கம் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு என்று பெயர்கள் உண்டு; மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். மழையில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் இத்தனை கண்மாய்களும் ஊரணிகளும். கண்மாய் வயலுக்கு. ஊரணி, ஊர் உண்ணுவதற்கு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். தண்ணீர் வந்து சேரும் பாதை வரத்துக்கால்; வெறுமே 'கால்' என்றாலும் வாய்க்கால்தான். தேங்கும் பரப்பு உள்வாய். வயலுக்குத் திறந்துவிடும் இடம் மடை. நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம் கலுங்கு. வரத்துக்காலைச் 'சாக்கடை' என்று சொல்லிவிட்டால், எழுபது வயதுக்காரர் ஒருவர் உங்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவார். எனக்கு நடந்திருக்கிறது.

முதல் வேலை: நனைவது

நல்ல மழை பிடிக்கும் ஒரு நாளில் ஊரணியின் வாயிலிருந்து கிளம்பி, தண்ணீர் வரும் திசைக்கு எதிராக நடங்கள். பாதை எங்கே முடிகிறதோ அதுவரை. கையில் போன் இருந்தால் போதும். தடைபடும் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு தடவை செய்தால் போதாது. சிறு தூறலில் ஒரு வழியாகப் போகும் தண்ணீர், கனமழையில் வேறு வழியாகப் போகும். மூன்று மழையாவது நடந்தால்தான் படம் மனதில் நிற்கும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் மாதிரி ஊர்களில் இந்த நடை ஒரு தனிப் பாடம். பழைய வீடுகளின் கூரை வளவை, அதாவது வீட்டு நடுவில் இருக்கும் முற்றத்தை, நோக்கிச் சரிந்திருக்கும். மழை வளவில் விழும்; அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்ததுபோக மிச்சம் தரைக்கு அடியில் போன கால் வழியாகத் தெருவுக்கு வரும், தெருக் காலிலிருந்து ஊரணிக்குப் போகும். ஊரின் கூரைகள் எல்லாமே ஊரணிக்கு நீர்ப்பிடிப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5,000 சதுர அடிக் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்குமேல் தண்ணீர். அப்படி 50 வீடு இருந்தால் ஒரே மழையில் நாலரை லட்சம் லிட்டர். சாலை போடும்போது தெருக்காலை மண்போட்டு மூடினோம் என்றால், நாம் மூடியது இதைத்தான்.

நான் முதல் தடவை நடந்தபோது ஊரணியிலிருந்து முன்னூறு அடியிலேயே நின்றுவிட்டேன். ஒரு சின்னப் பாலம். அதன் கண்ணில் மண்ணும் பாலிதீன் பையும் உடைந்த ஓடும் அடைத்துக் கிடந்தன. அந்தப் பக்கம் தெருவில் முழங்கால் தண்ணீர், இந்தப் பக்கம் ஊரணியில் ஆட்டுக்குட்டி மேய்கிறது. மழை விட்டதும் ஆறு பேர் சேர்ந்து ஒரு காலை வேலையில் அந்தக் கண்ணைத் திறந்தோம். செலவு, டீக்கும் வடைக்கும் கொடுத்தது மட்டும்தான்.

இரண்டாவது: யாருடைய இடம் என்று பார்ப்பது

இது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் விவரம் எழுதிய பதிவேடு) கிராம வரைபடத்தையும் பார்க்கக் கேளுங்கள். ஊரணியின் சர்வே எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் குறித்துக்கொண்டு, புலப்பட (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலும் வாங்கி வையுங்கள். வரத்துக்காலுக்குத் தனி சர்வே எண் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல இடங்களில் ஊரணி பத்திரமாக இருக்கும், கால்தான் காணாமல் போயிருக்கும்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதில் புதியவர்கள் குழம்புவார்கள். கிராமத்து ஊரணி என்றால் பொதுவாக ஊராட்சி. காரைக்குடி, தேவகோட்டை மாதிரி நகரம் என்றால் நகர நிர்வாகம். கண்மாயில், ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கோயில் குளம் என்றால் கோயில் நிர்வாகம். சில ஊரணிகள் நகரத்தார் வெட்டியவை, அவர்கள் பராமரிப்பிலேயே இருப்பவை. அங்கே நகரத்தாரிடம் பேசாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்.

வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவருவது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்றைக்கு இந்தப் பேச்சை எடுப்பது சுலபம். கோடை வேலைக்கும் சரியான நேரம்.

ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களாகப் போய் சண்டை போடாதீர்கள். சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி மனுக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் நினைவூட்டுங்கள். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. அளந்து காட்டினால் பாதிப்பேர் தாங்களாகவே வேலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது: ஊரோடு பேசுவது

கூட்டம் போடுவதற்கு முன் நாலு பேரைத் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

ஒருவர் நீர்பாய்ச்சி. கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிறவர் அல்லது அவருடைய மகன். எந்த மடை ஒழுகும், எந்த இடத்தில் கரை பலவீனம் என்பது அவருக்குத் தெரியும். அடுத்தவர் வேளார். ஐயனார் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண்குதிரை செய்கிறவர். எந்த உள்வாயில் எவ்வளவு ஆழத்துக்குக் களிமண் இருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும். மூன்றாவது, ஊரணிப் படித்துறைக்கு எதிர் வீட்டில் இருக்கும் வயதான ஆச்சி யாராவது. "ஆச்சி, நீங்க வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தண்ணிய எதுக்கெல்லாம் எடுத்தாக?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். செருப்போடு இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, குடம் மட்டும் முக்கலாம் என்று இருந்த கட்டுப்பாடு, தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரசித் தண்ணீரைத் தெளியவைத்தது எல்லாம் வரும். நாலாவது, ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர். அவர் 'சரி' சொன்னால் எல்லாம் நடக்கும் என்பதில்லை. ஆனால் அவரிடம் சொல்லாமல் ஆரம்பித்தால் நிச்சயம் நடக்காது.

முளைப்பாரியை எந்த ஊரணியில் கரைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மக்கள் மனதில் இன்னும் உயிரோடு இருக்கும் ஊரணி அதுதான். முதல் வேலையை அங்கே தொடங்கினால் ஆள் சேரும்.

ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பழைய ஊரணிக் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது, அந்தப் படியில் இறங்க விடப்படாதவர்களும் இதே ஊரில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கூட்டத்துக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வரவில்லை என்று பாருங்கள். அவர்கள் தெருவுக்கே போய்க் கூட்டம் போடுங்கள். மண் சுமக்க மட்டும் கூப்பிட்டு, கணக்குப் பார்க்கும்போது விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.

பணம் பற்றி: கோயில் காரியத்துக்கு நகரத்தார் புள்ளிக் கணக்கில், அதாவது குடும்பக் கணக்கில், வரி போடுவது தெரிந்ததுதான். அதே மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று சின்னத் தொகையாக எல்லாரிடமும் வாங்குங்கள். சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவரே மொத்தமும் தருகிறேன் என்றால் சந்தோஷம்தான். ஆனால் உள்ளூர்க்காரர் நூறு ரூபாயாவது போட்டிருந்தால்தான் குப்பை கொட்டுகிறவனைத் தட்டிக் கேட்பார்.

நாலாவது: வழியைத் திறப்பது

ஆடி, ஆவணியில் வரத்துக்காலைச் சீர்செய்யுங்கள். வாய்ப்பகுதியிலிருந்து மேலே போகாமல், மேலேயிருந்து ஊரணி நோக்கி வாருங்கள். பாலக் கண்களில் ஆளுயரக் குச்சியை விட்டுப் பாருங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு நின்றால் வேரோடு பிடுங்குங்கள். ஒடித்துப் போட்ட தண்டு ஈரத்தில் மறுபடி துளிர்க்கும். ஊரணிக்குள் விழுவதற்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் ஒரு குழி வெட்டி விட்டால், வண்டல் அங்கேயே தங்கும். குப்பையைத் தடுக்க ஒரு கம்பித் தடுப்பு. இரண்டையும் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அள்ள ஆள் வேண்டும். அள்ளாவிட்டால் தடுப்பே அணையாகிவிடும்.

பெரிய சிக்கல் கழிவுநீர். மழைத்தண்ணீருக்கென்று வெட்டிய தெருக்காலில்தான் இன்று குளியலறை, அடுப்படித் தண்ணீர் வருகிறது. சில வீடுகளில் அதற்கு மேலும் வருகிறது. காலைத் திறந்தால் சாக்கடை ஊரணிக்குள் போகும், அடைத்தால் மழைத்தண்ணீர் போகாது. வாயில் ஒரு பலகை மடை வைப்பதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஆண்டு முழுக்க மூடியிருக்கும். கழிவு பக்கத்துக் காலில் போகும். பருவம் தொடங்கி, முதல் இரண்டு மூன்று மழை தெருவைக் கழுவிவிட்டுப் போனபிறகு, மழை பெய்யும் நேரத்தில் மட்டும் பலகையைத் தூக்குவோம். இதற்கு இரவு இரண்டு மணிக்கும் எழுந்து வரும் ஒருவர் வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைக்காவிட்டால் இந்த முறையை எடுக்காதீர்கள், வீடுவீடாகப் போய் உறிஞ்சுகுழி போடச் சொல்லுங்கள். அது மெதுவான வேலை. இத்தனை செய்தும் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவு கலந்த காலில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வரும்.

ஐந்தாவது: தோண்டுவது, தோண்டாமல் இருப்பது

எங்களுடைய பெரிய தவறு இங்கேதான். இரண்டாம் ஆண்டு கையில் பணம் வந்தது. சித்திரையில் இயந்திரத்தை இறக்கினோம். மூன்றடி என்று பேசி, நாலடி போனோம். "இன்னும் ரெண்டடி போட்டா இன்னும் தண்ணி நிக்கும்ல" என்றார் ஒருவர். எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு மூலையில் கருப்புக் களி முடிந்து மஞ்சள் சரளை தெரிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆண்டு நல்ல மழை, ஊரணி நிறைந்தது, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டோம். முன்பெல்லாம் பங்குனி வரை நிற்கும் தண்ணீர் தைப் பொங்கலுக்கே தரை தட்டியது. வேளார் வந்து பார்த்துவிட்டு, "களியக் கிழிச்சுட்டீகளே தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஊரணியின் அடியில் இருக்கும் களிமண் படுகைதான் அதன் பாத்திரம். அதற்கு மேல் படிந்த வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அதனால் இயந்திரம் வருவதற்கு முன் நாலைந்து இடத்தில் கையால் சோதனைக் குழி வெட்டுங்கள். ஒவ்வோர் அடிக்கும் மண்ணை எடுத்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் உருட்டுங்கள். முறுக்குக் கம்பிபோல நீண்டு, வளைத்தாலும் உடையாமல் நின்றால் களி. நறநறவென்று உதிர்ந்தால் மணலோ சரளையோ. களி எங்கே தொடங்குகிறது என்பதைக் குச்சி நட்டுக் குறித்து, ஓட்டுநரிடம் அதுவரைதான் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கிழிந்ததை ஒட்டுவதும் முடியும். கண்மாய்க் களியைக் கொண்டுவந்து, அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மாடுகளை விட்டு மிதிக்கவைத்தோம். இரண்டு மழைக்காலம் ஆயிற்று தேறுவதற்கு.

ஓரத்தைச் செங்குத்தாக வெட்டவிடாதீர்கள். ஓர் அடி ஆழத்துக்கு இரண்டடியாவது சரிவு வேண்டும். தூர்வாரிய இடம் பழைய ஆழம்தான் என்று நினைத்து இறங்கும் பிள்ளைகள் மூழ்கிப்போகிற செய்தி ஒவ்வொரு மழைக்காலமும் வருகிறது. நிறைவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லுங்கள், ஆழத்தைக் காட்டும் கம்பம் நடுங்கள்.

எடுத்த வண்டலைக் கரைமேல் குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வரும். வயலுக்குக் கொடுங்கள், வேளாருக்குக் கொடுங்கள். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கலாம். அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர்கூட வெளியே போகக் கூடாது. 'ஊரணி வேலை' என்ற பெயரில் செம்மண் லாரி ஏறும் கதை உங்களுக்கும் தெரியும்.

ஆறாவது: கரை

ஊரணியும் கண்மாயும் வேறு என்று சொன்னேன். செட்டிநாட்டு ஊரணிக்குச் செம்புறாங்கல் சுவரும் படித்துறையும் பழக்கம். சரிந்த கல்லை அதே கல்லால் எடுத்துக் கட்டுங்கள், சிமெண்டு பூசி மூட வேண்டாம். கண்மாயை அப்படிச் செய்யக் கூடாது. அதன் உள்வாய் ஓரம் மெல்லச் சரிந்து, கோரையும் நாணலும் அருகம்புல்லும் நிற்க வேண்டும். மீன் முட்டையிடுவதும் தவளை ஒதுங்குவதும் உள்ளான் பறவைகள் மேய்வதும் அந்த ஒரு முழத் தண்ணீரில்தான். கரையைச் சுற்றி நடைபாதையும் கலர்க் கல்லும் பதித்து 'அழகு'படுத்துகிற யோசனை வந்தால், அந்தப் பணத்தைக் கலுங்குக்குப் போடச் சொல்லுங்கள்.

சீமைக் கருவையை வெட்டினால் அடியிலிருந்து பத்தாகக் கிளம்பும். தரைக்குக் கீழே ஓர் அடியாவது தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது சுலபம். புறம்போக்கு மரம் என்பதால் ஊராட்சி ஏலம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுங்கள். எல்லா முள்மரமும் சீமைக் கருவை இல்லை. நம் நாட்டுக் கருவேல மரம் தண்ணீரில் நின்று தாங்கும், அதில் பறவை கூடு கட்டும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும் காலத்தில் அவை மிரளும் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்குள் மரம் எடுக்கும் வேலை எதையும் கார்த்திகையிலிருந்து மாசிவரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நடுவதற்குப் பனைதான். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டையை ஒரு சாண் ஆழத்தில், பத்தடி இடைவெளியில் ஊன்றிவிட்டு வந்துவிடலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். நுங்கு சாப்பிடப் பதினைந்து ஆண்டு ஆகலாம், பரவாயில்லை.

அப்புறம் ஒரு நோட்டு

படித்துறை ஓரம் ஒரு கல்லில் அடிக்கணக்கு எழுதி, வாரம் ஒரு நாள் மட்டத்தைக் குறியுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்றும் எழுதுங்கள்; தண்ணீர் கலங்குவதும் பாசி பிடிப்பதும் அதில் தெரிந்துவிடும். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாவதாக வைத்தாலும் ஓர் ஏக்கர் ஊரணியிலிருந்து 20,000 லிட்டர் போய்விடும். அதைவிட வேகமாக மட்டம் இறங்கினால், யாரோ மோட்டார் வைத்திருக்கிறார்கள் அல்லது எங்கோ ஒழுகுகிறது.

மீன் விஷயத்தில் குத்தகைக்காரரிடம் இரண்டு நிபந்தனை எழுதி வாங்குங்கள்: கோழிக்கழிவு போடக் கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றி, வெள்ளைத் துண்டு வீசி, ஊரே ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கும் மீன்பிடி நாளன்று நீங்களும் இறங்குங்கள். சேற்றில் நடந்தால் அடிமண் எங்கே மெத்தென்று இருக்கிறது, எங்கே கடினம் என்று காலுக்கே தெரியும்; அடுத்த தூர்வாரலுக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

ஐப்பசி பிறந்ததும் கரையில் எலி வளையும் நண்டு வளையும் பார்த்து அடைத்துவிட்டு, கலுங்கின் முன்னால் கிடக்கும் செத்தையை அள்ளிவிடுங்கள். ஐம்பது சாக்கில் மண் கட்டி வையுங்கள். கீழே இருக்கும் ஊரில் தண்ணீர் வேலை பார்க்கிறவரின் போன் நம்பரை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கலுங்கு வழியத் தொடங்கினால், அது எந்த நேரமானாலும், அவருக்கு ஒரு போன் போட வேண்டும். உங்கள் கலுங்குத் தண்ணீர்தான் அவர்களுக்கு வரத்து.